பெயர் விடுபடாத புத்தகம்

இலங்கை மலைநாட்டின் பதுளைக் கடைவீதியில் மிளகாயும் மல்லியும் விற்கிற கடை ஒன்றின் பின்கட்டில் அழகையா அச்சுக்கூடம் வைத்திருந்தார். வாசலில் பெரிய பலகை. உள்ளே ஒரு கை யந்திரம், நாலைந்து எழுத்துப் பெட்டி, அழகையா, அவ்வளவுதான். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே எழுத்துக் கோத்ததால் அவர் அடித்த கல்யாணப் பத்திரிகைகளில் மணமகன் சில சமயம் மரமகன் ஆகிவிடுவதுண்டு. ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஹாலிஎலப் பக்கம் ரயில் பாதைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. பதுளையில் அவருக்கு வேறு தமிழ் அச்சுக்கூடம் எதுவும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசறைக்கு மேலே இருக்கிற கருங்காட்டுத் தோட்டத்திலிருந்து கருப்பம்மா என்று ஒருத்தி மலையிறங்கி வந்தாள். கொழுந்து பறிக்கிறவள். தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்து உதறிவிட்டு, "அண்ணே, பாட்டுச் சொன்னா எழுத்தாக்கித் தருவீங்களாமே?" என்றாள்.

"என்ன பாட்டும்மா?"

அவள் நின்ற இடத்திலேயே பாடினாள்.

*விரிசல் விட்ட மலையடியில்*
*விளக்கு வச்ச மூக்காயி*
*வெளிய வாடின்னு கூப்பிட்டேனே*
*வெளிச்சம் நின்னு போச்சுதடி*

*கோடு விழுந்த மண்ணைக் காட்டி*
*கும்பிட்டுச் சொன்னோம் கங்காணி*
*கோடை வந்தாப் பாப்போமுன்னு*
*குடை விரிச்சுப் போனாரே*

அழகையாவுக்குத் தும்மல் நின்றுவிட்டது.

போன மழையில் கருங்காட்டுத் தோட்டத்தில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த ஒரு லயத்தின் பாதியை மூடிவிட்டது. அதில் கருப்பம்மாவின் தங்கச்சி மூக்காயி போனாள். ஒச்சாயியின் புருஷன் சடையன் போனான். இன்னும் பலர். மண்ணைத் தோண்டிப் பார்க்க ஆளும் விடவில்லை, நேரமும் விடவில்லை. விரிசல் கண்ட அன்றே சொல்லியும் லயத்தை மாற்றாதது துரைக்குத் தெரிந்தால் வம்பு என்று தலைக் கங்காணி வீரசிங்கம், "அவுகள்லாம் ராத்திரியோட ராத்திரியா வேற தோட்டத்துக்கு ஓடிட்டாக" என்று துரையிடம் சொல்லிவிட்டார். ஓடிப்போனவர்களுக்குக் காரியம் செய்ய லீவு கிடையாது. ஒப்பாரி வைத்தாலும் குற்றம். ஓடிப்போனவனுக்கு எதற்கு ஒப்பாரி?

"ஒவ்வொரு பேருக்கும் ஒரு பாட்டு கட்டிருக்கேன். அச்சுல வந்துட்டா யாரும் இல்லேன்னு சொல்ல ஏலாதுல்ல? ஒரு பேரும் விட்டுப் போவக் கூடாதுண்ணே. வேற ஒண்ணும் வேணாம்."

"பாட்டு உன்னோடது. எழுத்து என்னோடது. மேல உன் பேரு போடுவேன், கடைசிப் பக்கத்துல சின்னதா என் பேரு. எங்கயாவது ஒரு வார்த்தை மாத்தணும்னா உன்னைக் கேட்டுட்டுத்தான் மாத்துவேன். சரிதானா?"

"சரிண்ணே."

கூட்டாகப் புத்தகம் போடுவதற்கு இவ்வளவு பேச்சுப் போதும் என்று அழகையா நினைத்தார். அவருடைய அறியாமை அது. ஏனென்றால் அச்சுக்கூடத்தில் புத்தகம் போடுகிற அளவுக்குக் காகிதம் இல்லை. பதுளையில் காகிதம் இருந்த ஒரே இடம் ஊவா சுதந்திர நூற்பிரசுர சபை.

சபையின் தலைவர் சிதம்பரநாதன், ஜவுளிக் கடை முதலாளி, சுத்த சைவர். காரியதரிசி தங்கராஜா, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாதி சொன்னதையும் பிரதிவாதி சொன்னதையும் ஒரே மாதிரி கேட்கும்படி மொழிபெயர்ப்பதில் அவருக்கு இணை இல்லை என்று பெயர். கொழும்புப் பிரசுரகர்த்தர்கள் எழுதுகிறவர்களை ஏய்க்கிறார்கள் என்று கொதித்துத்தான் இருவரும் சபையைத் தொடங்கினார்கள். இதுவரை ஒரு நூலும் போடவில்லை. நூல் போடுகிறபோது யாரும் யாரையும் ஏய்க்கக் கூடாது என்பதற்காகக் 'கூட்டுப் படைப்பு நெறிகள்' என்று விதிகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதிய வரையில் காகிதத்தில் பாதி தீர்ந்திருந்தது.

விதிகள் முடிந்த வாரம் அழகையா போய் நின்றார். சபையோர் பூரித்துப் போனார்கள். தலைவரின் ஜவுளிக் கடை மேல்மாடியில் கூட்டம் கூடியது. கருப்பம்மாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் விடியுமுன் கிளம்பி, மழையில் நனைந்து, கடை வாசலில் வந்து நின்றாள்.

மாடிப்படி பூஜையறையை ஒட்டிப் போகிறது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. யாரும் எதுவும் சொல்லாததாலேயே அவள் கீழேயே நின்றாள்.

தலைவர் எழுந்தார். "முதலாவது நெறி சமத்துவம். படைப்பில் பங்கு கொள்ளும் எவரும் இந்தச் சபையில் உயர்ந்தவருமல்லர், தாழ்ந்தவருமல்லர். எல்லோரும் நெஞ்சில் கை வைத்து உறுதி கூறுவோம்."

எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள்.

"ஐயா, அந்தப் பொண்ணு கீழ நிக்குது" என்றார் அழகையா.

காரியதரிசிக்கு முகம் சிவந்துவிட்டது. "வெட்கக்கேடு! சமத்துவத்துக்குக் குறை வரலாமா? உடனே ஜன்னலைத் திறவுங்கள்."

ஜன்னலைத் திறந்தார்கள். கருப்பம்மா வீதியில் நின்று அண்ணாந்து பாடினாள். நடுவில் இரண்டு மாட்டு வண்டிகள் போயின. மூக்காயி பேர் வந்த இடத்தில் வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். முடிந்ததும் சபையோர் கைதட்டினார்கள். 'பங்களிப்பாளர் சற்றே தாழ்வான இடத்திலிருந்து உயர்வான குரலில் பங்களித்தார்' என்று காரியதரிசி நிகழ்ச்சிக் குறிப்பு எழுதினார்.

பிறகு அவர் பேசினார். "அன்பர்களே, நமது சபை சுதந்திரமானது. யாரையும் கேட்டு நாம் எதையும் செய்வதில்லை. ஆகவே இரண்டாவது நெறி: யாரையும் கேட்காமல் நாம் எதையும் செய்யலாகாது. பாட்டில் பெயர் வரும் ஒவ்வொருவரும் நேரில் வந்து கைச்சாத்திட்டுச் சம்மதம் தர வேண்டும். மூக்காயி என்பவர் வந்திருக்கிறாரா?"

அழகையாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "செத்துப் போனவங்க ஐயா. அதுக்குத்தான் பாட்டு."

"அதற்கு அத்தாட்சி?"

"அத்தாட்சி ஏதுங்க? ஓடிட்டாங்கன்னு கங்காணி சொல்லிட்டாரு."

"அப்படியானால் அவர்கள் உயிரோடிருக்கிறார்கள். உயிரோடிருந்தும் கைச்சாத்திட வராதது அவர்களுடைய அசட்டை. அசட்டையாக இருப்பவர்களின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் அச்சேற்றுவது நெறியா? நாமென்ன கொழும்புக்காரர்களா?"

"இல்லை, இல்லை" என்றது சபை. மூக்காயியும் சடையனும் மற்றவர்களும் ஒரே கைதூக்கலில் பாட்டிலிருந்து போனார்கள்.

கூட்டம் முடிந்து அழகையா கீழே வந்தபோது கருப்பம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். "என்ன சொன்னாக?"

"பாட்டு ரொம்ப நல்லாருக்காம்" என்றார். அது பொய்யில்லை. அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வீரசிங்கக் கங்காணியை அழைத்திருந்தார்கள். படைப்பால் மனம் நோகக் கூடியவரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பது மூன்றாவது நெறி. கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக வந்தார். பூஜையறையைத் தாண்டித்தான் மாடியேறினார். குடை வரியை வாசித்துக் காட்டினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் இந்தப் பாட்டுல இருக்கேன்னு எனக்கு இப்பத்தான் தெரியுதுங்க. கேக்காமப் போட்டுட்டாங்களேன்னு நெஞ்சு வலிக்குது. அந்தக் குடை நான் பசறையில காசு குடுத்து வாங்கினது. அதையும் கேக்கல."

சபை தலை குனிந்தது. தலைவர் தழுதழுத்த குரலில் எழுந்தார். "கங்காணியார் நமது கண்ணைத் திறந்துவிட்டார். லயத்தை அந்த இடத்தில் கட்டுவித்தவர் யார்? இவர். அங்கேயே இருக்கச் சொன்னவர் யார்? இவர். லயம் அங்கே இல்லாவிட்டால் பாட்டு ஏது? அந்தப் பெண் வாயால் பாடியவள். பாட்டுக்குப் பொருளைக் கொடுத்தவர் இவரல்லவா? இவரை முக்கியக் கூட்டுப் படைப்பாளராக ஏற்கிறேன்."

"மழையும் ஒரு காரணம்தானே? வருண பகவானையும் சேர்க்கலாமா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார். சம்மதம் பெறுவது கடினம் என்று அதை ஒத்திவைத்தார்கள்.

அழகையா எழுந்தார். எழுந்ததும் எதற்கு எழுந்தோம் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. "ஐயா, பாட்டு கட்டுன பொண்ணு பேரு முன்பக்கத்துல..."

"அதற்குத்தான் ஐந்தாம் நெறி, பாதுகாப்பு" என்றார் காரியதரிசி பரிவோடு. "அவள் பெயரைப் போட்டால் தோட்டத்தில் அவளுக்கு ஏதாவது தொந்தரவு வரலாம் அல்லவா?"

"கட்டாயம் வருமுங்க" என்றார் கங்காணி.

"பார்த்தீர்களா! ஆகவே 'ஒரு மலைநாட்டுப் பெண்' என்று போடுவோம். அதையும் சின்ன எழுத்தில். அவளுடைய நன்மைக்கு."

"அவளைக் கேட்டுட்டு..."

"மழை பெய்கிறது, அழகையா. இந்த மழையில் ஒரு பெண்ணை மலையிறக்கிக் கேள்வி கேட்பது மனிதத்தன்மையா?"

அழகையா உட்கார்ந்துவிட்டார்.

நான்காம் நெறிதான் அச்சுக்கூடத்தின் உயிரை வாங்கியது. படைப்புக்கு உதவிய எவர் பெயரும் விடுபடலாகாது என்பது அது. தலைவர் பெயர் ஒரு பக்கம். காரியதரிசி கருப்பம்மாவின் கொச்சையைத் திருத்திச் செந்தமிழில் அகவலாக்கியிருந்தார்; அவருக்கு ஒரு பக்கம். கங்காணிக்கு ஒரு பக்கம். ஜன்னலைத் திறந்தவர், திறக்க ஆலோசனை சொன்னவர், கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொடுத்தவர், அன்று வர முடியாமல் போனதற்கு வருந்தியவர் என்று பக்கம் பக்கமாகப் பெயர்கள். பாதி வழியில் பெட்டியில் 'ன்' எழுத்துத் தீர்ந்துவிட்டது. ஆண்பிள்ளைகள் பெயர் அப்படித்தான் முடிகிறது. கோத்து வைத்திருந்த பாட்டைப் பிரித்து 'ன்' எடுக்கும்படி சபை அனுமதி வழங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் பாட்டில் ஓர் அடி போயிற்று. கடைசியில் மிஞ்சியது நாலு அடி. மலைகள் உயர்ந்தவை, மழை குளிர்ந்தது, கடமை சிறந்தது என்று அவை சொல்லின.

அழகையாவின் மனைவி நல்லம்மா தாளை மடித்துக்கொண்டிருந்தவள், "அந்தப் பொண்ணு கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள்.

"கேட்டாப் பாப்போம்."

"கோடை வந்தாப் பாப்போமுன்னா?" என்றாள். பட்டியலின் கடைசியில் 'யந்திரம் இயக்கியவர் திருவாளர் அழகையா அவர்கள்' என்று வந்திருந்தது. அவர் பெயருக்கு முன்னால் திருவாளர் வந்தது அதுதான் முதல் தடவை. மை காய்ந்ததும் அதை ஒரு தரம் விரலால் தடவிப் பார்த்தார்.

புத்தகக் கட்டோடு அவர் கருங்காட்டுத் தோட்டத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மலையேறினார். லயத்து முன்னால் பெண்கள் கூடிவிட்டார்கள். கருப்பம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிரித்தாள். பக்கம் பக்கமாகப் பெயர்கள்.

"இம்புட்டு எழுத்தா! மூக்காயி எங்கண்ணே?"

அவர் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கை தானாகப் போய் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த பெயரைத் தொட்டது. "இதுதான்" என்றார்.

அது சிதம்பரநாதன்.

"இம்புட்டுப் பெருசாவா போட்டிருக்கீங்க!" என்று அவள் அழுதாள். ஒச்சாயி முண்டிக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டு ஆளு?" அழகையா வீரசிங்கக் கங்காணியின் பக்கத்தைக் காட்டினார். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொருத்தரும் கேட்டார்கள், ஒவ்வொருத்தருக்கும் ஒரு பெயர் கொடுத்தார். ஜன்னலைத் திறந்தவர் ஒரு கிழவிக்கு மகனானார். நல்ல வேளையாகப் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. எழுத்துத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை. பெண்கள் குங்குமம் கொண்டுவந்து அவரவர் பெயருக்கு வைத்தார்கள். அழகையா கட்டுக் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினார்.

"தோட்டத்தில் வரவேற்பு எப்படி?" என்று தலைவர் கேட்டார்.

"பேருங்களுக்குக் குங்குமம் வச்சுக் கும்பிடுறாங்க" என்றார் அழகையா. அதுவும் பொய்யில்லை.

தலைவருக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. கொழும்பில் எந்தப் பிரசுரகர்த்தனுக்காவது யாராவது குங்குமம் வைத்ததுண்டா? நேரில் போய் அந்த மரியாதையை ஏற்றுக்கொள்வது ஆறாம் நெறிப்படி கடமை என்று காரியதரிசி கண்டுபிடித்தார். ஆறாம் நெறி என்ன என்று யாருக்கும் நினைவில்லை. தோட்டத்திலும் ஒரு பூசைக்கு ஏற்பாடாகிக்கொண்டிருந்தது. மலை சரிந்து வருஷம் திரும்பியிருந்தது. காரியம் செய்கிறோம் என்றால் கங்காணி விடமாட்டார். புஸ்தக பூசை என்று கேட்டார்கள். தன் பெயர் உள்ள புத்தகம் என்பதால் அவரே முன்னின்று லீவு கொடுத்தார்.

தலைவரும் காரியதரிசியும் வாடகைக் காரில் பசறை வரை வந்து, பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். அழகையா பின்னால் நடந்தார். மூடிப்போன லயத்து மண்மேட்டில் புல் முளைத்திருந்தது. அதன் முன்னால் வாழை இலைகள். ஒவ்வோர் இலையிலும் புத்தகத்திலிருந்து பிரித்த ஒரு தாள், பக்கத்தில் விளக்கு. கங்காணி தம் மனைவியோடு முன்வரிசையில் நின்றார்.

தலைவர் கையெடுத்துக் கும்பிட்டபடியே போனார். முதல் இலையில் தம் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பெயருக்குக் குங்குமம். பக்கத்தில் வெற்றிலை, ஒரு சோற்று உருண்டை. சோற்று உருண்டையின் மேல் பொரித்த கருவாடு.

கருப்பம்மா அந்தத் தாளின் முன்னால் விழுந்தாள். "அடி என் தங்கச்சி! மண்ணுக்குள்ள மூச்சு முட்டிப் போனியே! ஒனக்குப் புடிக்குமேன்னு கருவாடு கொண்டாந்தேனே, எந்திரிச்சுத் தின்னுடி!"

"என்ன இது?" என்றார் தலைவர்.

அடுத்த இலையில் ஒச்சாயி தலைவிரி கோலமாக மாரில் அடித்துக்கொண்டாள். "என் ராசா, என்னை அறுதலியாக்கிட்டுப் போனியே!" அவள் முன்னால் இருந்த தாளில் வீரசிங்கம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சடையனுக்குப் பிடித்த சுருட்டு ஒன்று அதன்மேல் புகைந்துகொண்டிருந்தது.

"அது என் பெயர்! நான் உயிரோடு இருக்கிறேன்! எனக்கு எதற்குப் பிண்டம்?" என்று தலைவர் முதல் இலையைக் காட்டிக் கத்தினார். காரியதரிசி குனிந்து இலை இலையாக வாசித்துக்கொண்டு போனார். "கங்காணியார் இங்கே இருக்கிறார்... ஐயோ, நான் இங்கே இருக்கிறேன்..."

கங்காணியின் மனைவி தாலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தவில்லை. வருஷம் முழுக்க அடக்கி வைத்திருந்தது அது. உயிரோடிருக்கிறவனுக்குக் காரியம் செய்தால் என்ன ஆகும் என்பது கங்காணிக்குத் தெரியும். சுருட்டைத் தட்டிவிட்டார். மண்மேட்டைப் பார்த்துக் கைகூப்பி, தொண்டை கிழியக் கூவினார்.

"எனக்கில்ல! இந்தச் சோறு எனக்கில்ல! ஏலே சடையா, இது ஒனக்குடா! இங்கதானே கெடக்க? எடுத்துக்க! மூக்காயி, அது ஒனக்கும்மா! எல்லாம் இந்த மண்ணுக்குள்ளதானே இருக்கீக? வந்து வாங்கிக்கங்க, என்னை விட்டுருங்க!"

ஒப்பாரி நின்றது. ஓடிப்போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கங்காணியே சொல்லிவிட்டதை எல்லோரும் கேட்டார்கள். அவரும் கேட்டார். பிறகுதான் வாயை மூடிக்கொண்டார்.

முதலில் சுதாரித்தவர் காரியதரிசி. "தலைவரின் மனம் புண்பட்டிருக்கிறது. கூட்டுப் படைப்பாளர் ஒருவர் மனம் புண்பட்டால் மற்றவர்கள் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பது..."

யாரும் அவரைப் பார்க்கவில்லை. கருப்பம்மா எழுந்து அழகையாவிடம் வந்தாள். முகத்தில் மண்.

"அப்ப மூக்காயி எங்கண்ணே?"

"இல்லை" என்றார்.

"சடையன்?"

"யாருமே இல்லம்மா. எல்லாம் எடுத்துட்டாங்க. நான்தான் எழுத்தைப் பிரிச்சேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அவுகளைச் சொல்லல. அவுக மாடியில இருக்கிறவுக. நீங்க என்னைக் கேக்குறேன்னு சொன்னீக. அன்னைக்கு நான் புஸ்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறப்ப, எதுத்தாப்புலதானே நின்னீக? அப்பவும் கேக்கல."

"நீ அழுவேன்னு..."

"அழுறது எங்க பாடு."

நெறிகளில் ஏதாவது உதவுமா என்று அழகையாவின் மனம் தேடிப் பார்த்தது. அவ்வளவு தூரம் கெட்டுப் போயிருந்தது மனம்.

கருப்பம்மா மண்மேட்டின் கீழே ஈரமான இடத்தைக் காலால் சமன் செய்தாள். "இங்க எழுதுங்க. மூக்காயின்னு எழுதுங்க."

அழகையா குந்தி உட்கார்ந்து விரலால் எழுதினார். எழுத்துக் கோணியது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு அவரை நம்பாமல், காரியதரிசியைக் கைநீட்டிக் கூப்பிட்டாள்.

"ஐயா, நீங்க வாங்க. இதுல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா வாசிங்க."

தங்கராஜா தலைவரைப் பார்த்தார். தலைவர் கருவாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள், போகிற வழி தெரியவில்லை. அவர் குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்தார்.

"மூக்காயி" என்றார்.

"இன்னொரு தரம்."

"மூக்காயி."

கருப்பம்மா தலையாட்டினாள். ஒச்சாயியைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, அழகையாவிடம் சொன்னாள்:

"அடுத்தது சடையன். எழுதுங்க."